சனிக்கிழமைச் சோறு

ஆனந்தராசா அண்ணா வீட்டின் பின்வளவில் ஒரு தனியறை இருந்தது. இந்த ஊரில் அதை ஸ்லீப்அவுட் என்பார்கள். ஒரு கட்டில், ஒரு மேசை, மழை பெய்தால் ஓசை கேட்கிற தகரக் கூரை. குளிக்கவும் சமைக்கவும் பெரிய வீட்டுக்குப் போக வேண்டும். என் கணவர் சதாசிவம் இறந்து ஐந்தாம் மாதம், ஏவன்டேல் வீட்டைக் காலிசெய்துவிட்டு நான் அங்கே குடிவந்தேன். இரண்டு பெட்டியும் ஒரு குக்கரும்தான் கொண்டுவந்தது. அவருடைய சட்டைகளை எங்கே கொடுத்தேன் என்பதுகூட இப்போது ஞாபகமில்லை. ஆனால் அந்த வளவின் ஒவ்வொரு மூலையும் ஞாபகமிருக்கிறது.

த்ரீ கிங்ஸ் கடைத்தொகுதியிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் வீடு. பின்வளவில் ஒரு எலுமிச்சை, வேலி நீளத்துக்கு ஃபீஜோவா என்ற பழமரங்கள், நடுவில் சுற்றுகிற துணிக்கொடி. மூலையில் ஒரு வாழை. அது ஒருநாளும் குலை போட்டதில்லை. இலைக்காக மட்டும் வைத்திருந்தார்கள். வாழைக்கும் பின்வேலிக்கும் இடையில் இடுப்புயரத்துக்குக் கறுத்த எரிமலைக் கற்கள் குவிக்கப்பட்டிருந்தன. கட்டியதுபோலவும் இல்லை, கொட்டியதுபோலவும் இல்லை. உச்சியில் ஒரு தட்டைக் கல்.

சனிக்கிழமைகளில் எனக்கு வேலை கிடையாது. மற்ற நாட்களில் முதியோர் இல்லத்துச் சலவை அறையில் காலை ஏழிலிருந்து மூன்று வரை விரிப்புகளை மடித்துக்கொண்டிருப்பேன். சனியன்று என் துணிகளைக் காயப்போட வெளியே வரும்போது அண்ணாவின் மனைவி பத்மாவதி அக்கா தலை முழுகி, ஈரக்கூந்தலைத் துண்டால் சுற்றிக்கொண்டு, வாழையிலைத் துண்டில் எள்ளுச்சாதத்தோடு கற்குவியலுக்குப் போவார். தட்டைக் கல்லில் வைத்துவிட்டு மூன்று தரம் "கா... கா... கா..." என்று கூப்பிடுவார். பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மா தொடக்கத்தில் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாராம். பிறகு பழகிவிட்டது.

முதல் வாரம் நான் கேட்டேன்.

"அக்கா, இந்த ஊர்ல காக்காவே இல்லையே?"

"காகம் இல்லாட்டி என்ன? கறுப்பாய் ஒண்டு வருகுதுதானே. சனீஸ்வரனுக்கு நிறம் சரியெண்டால் காணும்."

உண்மையில் ஒன்று வந்தது. மைனா அளவு, முழுக்கக் கறுப்பு, அலகு மட்டும் பழுத்த மஞ்சள். மைனாக்களும் ஊர்க்குருவிகளும் சண்டை போட்டு இறைத்துவிட்டுப் போகும்வரை வேலியில் பொறுத்திருந்து, கடைசியாகத்தான் இறங்கும். எந்த நேரமும் பறந்தோடத் தயாராக நின்றபடியே கொத்தும்.

"திவசத்துக்கு வெக்கிற மாதிரியாக்கா?" என்றேன். எனக்கு அப்போது அந்த வீட்டின் கதை தெரியாது.

அவர் துண்டை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டார்.

"திவசத்துக்கு வைக்கிறது செத்த ஆக்களுக்கு. இது சனியின்ரை பார்வை பிள்ளையிலை விழாமல் இருக்க வைக்கிறது. உயிரோடை இருக்கிற ஆளுக்கு."

பிள்ளையின் பெயர் யசீகரன். மின்வேலை செய்கிறவன். நான் அங்கே போவதற்கு மூன்று வருடம் முன்பு, மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, இரண்டு நண்பர்களோடு மேற்குக் கரைக்குப் பாறையில் நின்று தூண்டில் போடப் போனான். ஒரு அலை வந்தது. இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். ஒன்பது நாள் தேடினார்கள். ஒரு செருப்பு, ஒரு வாளி. வேறொன்றும் இல்லை. இறந்ததாகக் கொள்ளலாம் என்று பிறகு அரசாங்கத்திலிருந்து வந்த கடிதத்தை அண்ணா தன் பழைய பஸ் சாரதிச் சீருடையின் பையில் வைத்து அலமாரியில் பூட்டியிருந்தார். உடல் இல்லாவிட்டால் தர்ப்பையில் உருவம் செய்து எரித்து அந்தியேட்டி என்னும் ஈமக்கிரியையைச் செய்யலாம் என்று கோயில் ஐயர் சொன்னபோது, அக்கா எழுந்து அடுப்படிக்குள் போய் அரிசி கழுவத் தொடங்கினாராம். அன்றைக்குப் பிறகு அந்தப் பேச்சு எடுபடவில்லை. அந்த வீட்டில் மீனும் சமைக்கப்படவில்லை.

ஒருநாள் வேலை முடிந்து வரும்போது, த்ரீ கிங்ஸ் கார் நிறுத்துமிடத்தில் அண்ணாவின் கார் நிற்பதைப் பார்த்தேன். நான்கு கண்ணாடியும் இறங்கியிருந்தன. உள்ளே பொரித்த மீனைத் தாளில் விரித்து வைத்துக்கொண்டு அவசரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மெல்வதை நிறுத்தினார். நான் காணாததுபோல நடந்துவிட்டேன்.

கற்குவியல் யசீகரன் பதினாலு வயதில் அடுக்கியது. பள்ளிக்கூடத்தில் யாரோ ஒரு ஆசிரியை, செப்பு நிறத்தில் ஒரு அரணை இந்த நாட்டுக்கே உரியது என்றும், கல்லிடுக்கு இருந்தால் தோட்டத்திலும் வாழும் என்றும் சொல்லியிருக்கிறார். தெருவில் வீடு இடித்த இடங்களிலிருந்து கற்களைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து குவித்தானாம். அடுத்த கோடையில் உண்மையாகவே அரணைகள் வந்தன. அண்ணா பஸ் ஓட்டுவதை விட்ட பிறகு, பகலெல்லாம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அந்தக் கற்களையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"பதினொண்டு கண்டன்" என்பார் சில நாட்களில். "ஒண்டு குட்டி. தீக்குச்சி மாதிரி."

அக்காவுக்கு அரணை என்றாலே அருவருப்பு. ஆனாலும் சோற்றை அந்தக் கற்களின் மேல்தான் வைப்பார். வேறு இடத்தில் வைக்கலாமே என்று யாரும் கேட்டதில்லை.

நான் குடிவந்த மறுவருடம், இங்கே இலையுதிர்காலமான ஏப்ரலின் முதல் வாரத்தில் ஃபீஜோவாப் பழம் விழத் தொடங்கியது. இந்த நாட்டு மரங்கள் அனேகமாக இலை உதிர்ப்பதில்லை. வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட மரங்கள்தான் உதிர்க்கும். பக்கத்து வீட்டு மேப்பிள் இலையெல்லாம் எங்கள் பக்கம் வந்து குவிந்தது. அக்கா விடியற்காலையில் முற்றம் கூட்டுவார்; பத்து மணிக்குள் மறுபடி மூடிவிடும். நான் வேலைக்குப் போகுமுன் ஒரு வாளி பழம் பொறுக்கி வைப்பேன். பாதியை அக்கா தோல் நீக்கிப் பச்சை மிளகாயோடு சம்பல் அரைப்பார். மீதி அழுகும். துணிக்கொடியில் நான் விரிப்பு போடும்போது விசிறிபோல வாலை விரித்து ஒரு சின்னக் குருவி என்னைச் சுற்றிச் சுற்றிப் பறக்கும். நான் நடந்தால் கிளம்புகிற பூச்சிகளுக்காகத்தான் அது வருகிறது என்று அண்ணா சொன்னார். எனக்கு அது தெரிந்தும் பிடித்திருந்தது. அந்த நாட்களில் என் பின்னால் வருவதற்கு வேறு யார் இருந்தார்கள்?

அப்படியொரு காலை அண்ணா என்னைக் கூப்பிட்டார். உள்ளங்கையை விரித்துக் காட்டினார். ஒரு அரணையின் வால். வால் மட்டும். செப்புக் கம்பித் துண்டுபோல.

"நேத்து இரண்டு. இண்டைக்கு ஒண்டு" என்றார். "கல்லுக்குப் பக்கத்திலை எலிப் புழுக்கை கிடக்கு, சீதா. வெள்ளைச் சோத்துப் பருக்கையளும் கிடக்கு."

சொல்லிவிட்டு உச்சியிலிருந்த தட்டைக் கல்லைப் பார்த்தார்.

மதன்குமாரைக் கோயிலில் வைத்துப் பழக்கம். நாமக்கல் பக்கம், கணினி வேலை. இரண்டு தெரு தள்ளி வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் பச்சை நிற மேலங்கி போட்டுக்கொண்டு, அந்த வட்டாரத்தில் எலிப்பொறி வைக்கிற குழுவோடு திரிவான். அண்ணா சொல்லியனுப்பியதும் அன்று மாலையே ஒரு நீளமான மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். உள்ளே இரும்புப் பொறி. முன்பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை.

"கரெக்ட் டைம்ல கூப்பிட்டீங்க அங்கிள். ஏப்ரல், மே தான் நமக்கு சீசன். குளிர் வரப்போகுதுன்னா எலியெல்லாம் வீட்டுப் பக்கம் ஒதுங்கும். இப்பப் புடிச்சாத்தான் வசந்தத்துல பறவைக்கு முட்டை மிஞ்சும், உங்க அரணைக்கு உசுரு மிஞ்சும்."

அக்கா தேநீரோடு வந்தார். மதன்குமார் வளவைச் சுற்றிப் பார்த்தான்.

"ஆன்ட்டி, இவ்ளோ சுத்தமா கூட்டாதீங்க. இலையை மூலையில ஒதுக்கி அப்படியே விட்டுடுங்க. பூச்சி, புழு, வேட்டான்னு ஒரு பெரிய வெட்டுக்கிளி இருக்கு பாருங்க, எல்லாம் குளிருக்கு அதுக்குள்ளதான் படுத்திருக்கும்."

"முத்தம் கூட்டாமல் விடுறதோ? வாற ஆக்கள் என்ன நினைப்பினம், இந்த வீட்டிலை பொம்பிளை இல்லையெண்டோ?"

"விழுந்த பழத்தை மட்டும் தினம் எடுத்துடுங்க. அப்புறம் ஆன்ட்டி... தப்பா எடுத்துக்காதீங்க. அந்தச் சோறு."

"சோத்துக்கு என்ன?"

"எலிக்கு விருந்து வெச்சுக்கிட்டு பக்கத்துல பொறி வெக்கிறதுல அர்த்தமே இல்ல ஆன்ட்டி. அதோட அந்தக் கறுப்புக் குருவி இருக்கே, அதுவும் இந்த ஊர் இல்ல. குட்டி அரணையை அதுவே முழுங்கும்."

அண்ணா சிரித்தார். அபூர்வமாகத்தான் சிரிப்பார்.

"எலியும் வந்தேறி. மைனாவும் வந்தேறி. உந்தக் குருவி இங்கிலீசுக்காரன் கொண்டந்தது. அப்ப நாங்கள் ஆர் தம்பி?"

"நாம விசா வாங்கிட்டு வந்தோம் அங்கிள்."

அக்கா சிரிக்கவில்லை. காலிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மதன்குமார் பொறியில் கடலை வெண்ணெய் தடவி, வைக்கும் முறை சொல்லிக்கொடுத்தான். புறப்படும்போது இரண்டு தரம் சொன்னான்: "ஓட்டையைப் பெருசு பண்ணிடாதீங்க அங்கிள். அந்த அளவு எலிக்கு மட்டும். பெருசானா குருவி பூந்துடும்."

பெட்டி பத்து நாள் அப்படியே கிடந்தது. கடலை வெண்ணெயில் எறும்பு மொய்த்தது. வால்கள் மட்டும் கிடைத்துக்கொண்டிருந்தன. சித்திரை வருடப் பிறப்புக்குப் பாபகூராவிலிருந்து அவர்களுடைய மகள் நிலானி வந்து, ஒரு நாள் இருந்து, அம்மாவின் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டுப் போனாள். அவள் போனபிறகு வீடு முன்னைவிட அமைதியாகியது. அடுப்படியில் நான் ரசம் வைத்துக்கொண்டிருக்கும்போது அண்ணாவும் அக்காவும் கதைப்பது கேட்டது.

"கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டும் பத்மா. குளிர் முடியுமட்டும்."

"எத்தினை சனி?"

"ஒரு பத்து."

"பத்துச் சனி அவன் அங்கை என்ன செய்வான்?"

"எங்கை?"

அண்ணாவே மறுபடி தொடங்கினார்.

"அவன் அடுக்கின கல்லு பத்மா அது. அவன் கொண்டந்து குடிவைச்ச சீவன். இதுகளும் போட்டுதெண்டால் எனக்கு இந்த வளவிலை பார்க்க என்ன கிடக்கு?"

"நான் மட்டும் என்னத்தைப் பார்க்கிறன்? சொல்லுங்கோ. என்னத்தைப் பார்க்கிறன்?"

ரசம் பொங்கி வழிந்தது. நான் அடுப்பைத் தணித்தேன். யார் பக்கம் நியாயம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பிள்ளையை ஒருவர் கல்லில் வைத்திருந்தார், ஒருவர் சோற்றில் வைத்திருந்தார். சோறு கல்லைத் தின்றுகொண்டிருந்தது.

ஏப்ரல் கடைசிச் சனிக்கு முந்திய நாள் மாலை, அண்ணா கைவாளால் மரம் அறுப்பதைக் கண்டேன். ஏணி ஏதாவது பழுது பார்க்கிறார் என்று நினைத்தேன். நான் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், அவர் மறைக்கிற ஆளில்லை. களைப்பாக இருந்தது, போய்ப் படுத்துவிட்டேன்.

மறுநாள் அக்கா வழக்கம்போலச் சோறு வைத்தார். நானும் அவரும் பத்து மணி பஸ்ஸில் கோயிலுக்குப் போய்ச் சனீஸ்வரனுக்கு எள் எரித்துவிட்டுத் திரும்ப ஒரு மணியானது. பைகளை இறக்கிவிட்டு, காய்ந்த துணிகளை எடுக்கப் பின்வளவுக்கு வந்தேன். அக்காவும் வாழையிலையை எடுக்க என்னோடு வந்தார்.

அண்ணா எலுமிச்சையின் கீழே மண்வெட்டியோடு நின்றார். காலடியில் ஒரு கடதாசிப் பை. எங்களைக் கண்டதும் காலால் அதைப் பின்னால் தள்ளினார். எழுபது வயது மனிதர், களவாகப் பழம் பறித்த பிள்ளைபோல.

"என்ன அது?" என்றார் அக்கா.

"எலி. எலி ஒண்டு பிடிபட்டுது."

"எலிக்கு ஏன் கிடங்கு வெட்டுறீங்கள்?"

அக்கா குனிந்து பையை விரித்தார். மஞ்சள் அலகு முதலில் தெரிந்தது. கழுத்தருகே இறகு நசுங்கியிருந்தது. ஒரு கண் மூடியிருந்தது.

அக்கா நடந்துபோய்ப் பொறிப்பெட்டியின் முன் குந்தினார். ஓட்டை அறுத்துப் பெரிதாக்கப்பட்டிருந்தது. புதிய மரத்தூள் கீழே கிடந்தது. உள்ளே பொறியின் தட்டில் ஒரு கவளம் சோறு. எள்ளு ஒட்டிய சோறு.

"என்ரை சோறு" என்றார்.

"பத்மா, எலியள் அந்த வெண்ணெயைத் திரும்பியும் பார்க்கேல்லை. சோத்துக்குப் பழகின சீவன் சோத்துக்குத்தானே வருமெண்டு... நீர் வைச்சதிலை ஒரு பிடிதான் எடுத்தனான். பெரிய எலியாய் இருக்குமெண்டு ஓட்டையைக் கொஞ்சம்..."

"நான் பிள்ளைக்கு வைச்ச சோறு."

"தெரியும்."

"தெரிஞ்சோ செய்தனீங்கள்?"

அண்ணா மண்வெட்டியை மற்றக் கைக்கு மாற்றினார். அவர் அழவில்லை. அக்காவும் அழவில்லை. பையை இரண்டு கையாலும் எடுத்துக் கிடங்குக்குள் தானே வைத்தார். மண்ணைத் தள்ளினார். உள்ளே போய், சனிக்கிழமையில் இரண்டாம் தரம் தலை முழுகினார். குளியலறைத் தண்ணீர் ஓடுவது என் அறைவரை கேட்டுக்கொண்டே இருந்தது. செத்த வீட்டுக்குப் போய் வந்தால்தான் அப்படி முழுகுவார்கள்.

அடுத்த சனி சோறு வைக்கவில்லை. வெள்ளிக்கிழமையே எள்ளுப் போத்தலைக் கழுவிக் கவிழ்த்திருந்தார். முற்றமும் கூட்டவில்லை. இலை மூலையில் மட்டுமல்ல, எங்கும் கிடந்து ஊறியது. மதன்குமார் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பான்.

அன்று அக்கா அடுப்படி மேசையருகே அமர்ந்து என்னிடம் சொன்னார், அண்ணாவும் இருக்கும்போதே.

"சீதா, உமக்கொரு திதி இருக்கு. மாதம் தெரியும், பட்சம் தெரியும். ஆளைக் கண்டனீர், காலைத் தொட்டனீர். வருசத்திலை ஒரு நாள் அழுது முடிச்சிட்டு அடுத்த நாள் வேலைக்குப் போகலாம். எனக்கு அதுகும் இல்லை."

"அடுத்த நாள் வேலைக்குப் போறது உண்மைதான் அக்கா" என்றேன். முதல் திவசத்துக்கு மறுநாள் எண்பது தலையணை உறை மடித்ததை நினைத்துக்கொண்டேன்.

அக்கா அண்ணாவைப் பார்த்தார்.

"ஐயரோடை கதையுங்கோ. தர்ப்பையிலை செய்வம். ஒரு திதியைக் குறிப்பம்."

நான்கு வருடமாக அண்ணா அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் அவர் முகம் வெளுத்துப்போனது.

"ஒரு குருவி செத்ததுக்கோ?"

"அது போதும் எனக்கு."

"அது என்ரை பிழை. நான் ஓட்டையை அறுத்ததாலை செத்தது. அவனுக்கும் அதுக்கும் என்ன? விசர்க்கதை கதைக்காதையும்."

"நீங்கள்தானே சொல்லிக்கொண்டு இருந்தனீங்கள், முடிப்பம் முடிப்பமெண்டு."

"நான் சொல்லுவன். நீர் மாட்டனெண்டு சொல்லுவீர். அப்பிடித்தானே இருந்தனாங்கள்!"

அவர் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை. சொன்னபிறகு அவருக்கே அது புதிதாக இருந்ததுபோல, தன் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வெளியே ஒரு ஃபீஜோவா விழுந்தது. யாரும் எடுக்கப் போகவில்லை.

ஐயரோடு அவர் கதைக்கவில்லை. அக்கா மறுபடி கேட்கவுமில்லை. இன்னொரு சனியும் வெறுமையாகப் போனது. பொறிப்பெட்டியின் முகப்பில் மதன்குமார் புதிய பலகை அடித்து, சின்ன ஓட்டையாக்கிக் கொடுத்தான். யாரையும் குற்றம் சொல்லவில்லை. சோறு நின்றதாலோ என்னவோ, அந்தக் கிழமை இரண்டு எலி விழுந்தன. வால்கள் கிடைப்பதும் நின்றது. அரணைகளும் கண்ணில் படவில்லை. நல்ல வெயிலடித்த மத்தியானத்தில்கூட ஒன்றும் வெளியே வரவில்லை. அண்ணா கைபேசியில் மதன்குமாரைக் கேட்டார், ஒலிபெருக்கியில் போட்டிருந்தார்.

"குளிர் வந்துட்டா அடியில போயிடும் அங்கிள். வசந்தம் வரை பாக்க முடியாது."

"எல்லாம் முடிஞ்சுதோ, இல்லை உள்ளுக்கை கிடக்குதோ? அதைச் சொல்லும்."

"அது யாருக்கும் தெரியாது அங்கிள். கல்லை மட்டும் புரட்டிப் பாத்துடாதீங்க. உள்ள இருந்தா, இந்தக் குளிர்ல வெளிய எடுத்தாலே செத்துடும்."

அடுத்த ஞாயிறு காலை கடும் குளிர். புல்லில் பனி. நான் தேநீரோடு என் கதவைத் திறந்தபோது அண்ணா கற்குவியலின் முன் முழந்தாளிட்டிருந்தார். உச்சியிலிருந்த தட்டைக் கல்லை ஏற்கெனவே எடுத்து நிலத்தில் வைத்திருந்தார். அடுத்த கல்லில் இரண்டு கையும்.

"அண்ணா" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை, அல்லது கேட்டும் திரும்பவில்லை.

அடுப்படிக் கதவு திறந்தது. அக்கா வெறுங்காலோடு ஈர இலைகளின் மேல் வந்தார். அவர் அரணைக்குப் பயந்தவர். அந்தக் கற்களை ஒருபோதும் கையால் தொட்டதில்லை. வந்து அண்ணாவின் கைமேல் தன் கையை வைத்து அழுத்தினார். கல் அசையவில்லை.

"எடுக்காதேங்கோ."

"ஒருக்காப் பார்ப்பம் பத்மா. ஒண்டாவது கிடக்கோ எண்டு."

"கிடந்தால் குளிரிலை செத்துப்போம்."

"இல்லையெண்டால்?"

"இல்லையெண்டால் ஏன் பார்க்கவேணும்?"

அண்ணா தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. நான்கு வருடம் அழாத மனிதர் அந்தக் கற்களின் மேல் நெற்றியை வைத்து அழுதார். அக்கா கையை எடுக்கவில்லை. கொஞ்சநேரம் கழித்து, "எழும்புங்கோ, முழங்கால் நனையுது" என்றார். தட்டைக் கல்லை இருவருமாகத் தூக்கி இருந்த இடத்திலேயே வைத்தார்கள்.

அங்கேயே நின்றபடி அண்ணா சொன்னார்:

"சனிக்குச் சமையும்."

"எலி வரும்."

"நான் இருப்பன். கடைசிப் பருக்கை எடுக்குமட்டும் பக்கத்திலையே இருப்பன். கல்லிலை வேண்டாம். கொடிக்கம்பத்திலை தட்டொண்டு கட்டுவம்."

அப்படித்தான் செய்தார்கள். சுற்றுகிற துணிக்கொடியின் ஒரு கையில் மூன்று கயிறு போட்டு எவர்சில்வர் தட்டைத் தொங்கவிட்டார். அக்கா சோறு வைத்துக் கூப்பிட்டுவிட்டு உள்ளே போவார். அண்ணா குல்லாயும் மேலங்கியும் போட்டுக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் இருப்பார். மைனா வந்தால் கைதட்டித் துரத்துவார். பத்து நிமிடத்தில் மறுபடி வரும். முதல் சனி கறுப்பாக எதுவும் வரவில்லை. பதினோரு மணிக்குத் தட்டை இறக்கி, புல்லில் சிந்தியதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போனார். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த சனியும் அப்படித்தான்.

மே மாதக் கடைசிச் சனி. இந்த ஊர்க் கணக்கில் இலையுதிர்காலத்தின் கடைசிக் கிழமை. அண்ணாவுக்கு நெஞ்சுச் சளி. அக்கா அவரை வெளியே விடவில்லை. அண்ணா படுக்கையறை ஜன்னலைத் திறந்து என்னிடம் கேட்டார்.

"சீதா, இண்டைக்கு நீங்கள் ஒருக்கா இருப்பீங்களோ?"

"இருக்கேண்ணா. மூடுங்க ஜன்னலை."

நாற்காலி ஈரமாக இருந்தது. ஒரு துண்டை மடித்துப் போட்டு உட்கார்ந்தேன். மேப்பிள் முழுக்க மொட்டையாகிவிட்டது. மூலையில் அக்கா கூட்டி ஒதுக்கிய இலைக்குவியல். இப்போது அதை அள்ளுவதில்லை. அதற்குள் ஏதோ கிளறும் ஓசை. என் கணவருக்கு நான் எதுவும் வைத்ததில்லை. வருடத்துக்கொரு முறை கோயிலில் பணம் கட்டிவிடுவேன்; மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். மற்றவர் பிள்ளையின் சோற்றுக்குக் காவலிருப்பது எனக்கு வேலையாகத் தோன்றவில்லை.

இலைக்குள்ளிருந்து ஒரு குருவி வெளியே வந்தது. அதே அளவு, அதே நடை. இரண்டு தத்தல், ஒரு நிற்றல். ஆனால் கறுப்பு இல்லை. உலர்ந்த இலைபோலப் பழுப்பு. அலகும் மஞ்சளாக இல்லை. பெண்குருவியாக இருக்க வேண்டும். என்னைப் பார்த்தது. எம்பித் தட்டின் விளிம்பில் அமர்ந்தது. தட்டு ஆடியது. ஆடி நிற்கும்வரை பொறுத்திருந்து, ஒரு பருக்கையைக் கொத்தியது.

அடுப்படி ஜன்னலில் ஆவி படிந்திருந்தது. அதற்குப் பின்னால் அக்காவின் உருவம் மட்டும் தெரிந்தது.

"வந்துதோ?" என்றார்.

"வந்திருக்கு அக்கா" என்றேன்.

என்ன நிறம் என்று அவர் கேட்கவில்லை. பிறகு குழாயைத் திறந்து பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. அது தின்று முடித்துப் பறக்கும்வரை நான் அசையாமல் இருந்தேன். பிறகு தட்டை இறக்கிவைத்துவிட்டு, புல்லில் குந்தி, சிந்திய பருக்கைகளைப் பொறுக்கத் தொடங்கினேன்.